பதினேழு நிமிட மதிப்பாய்வு

அந்த ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால், வந்த கட்டுரையைப் படித்து மதிப்பாய்வு செய்ய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுவார். அவரும் 'இப்போது நேரமில்லை' என்பார். அதனால் முதன்மை ஆசிரியர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். இணையாசிரியர்கள் ஒவ்வொருவரும், முனைவர் பட்டம் வாங்கி ஓரிரு வருடமே ஆன ஒரு விஞ்ஞானியை ஓராண்டு கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையை எப்படிப் படிப்பது, எப்படிக் குறை சொல்வது, எப்படி ஆளை நோகடிக்காமல் மறுப்பது என்று பழக்க வேண்டும்.

நிலத்தடி நீர்க் கட்டுரைகளைப் பார்த்துவந்த இணையாசிரியைக்கு, இது தன் தலையில் கட்டப்பட்ட வேலையாகத்தான் தோன்றியது. அவளுக்கு நாற்பது வயது. அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஒருநாள் ஒரு கட்டுரையை மேசைமேல் வீசி, "நாளைக்குள்ள ஏதாவது எழுதிக் குடு" என்றார். எதையாவது எழுதினால் விவரம் தெரிந்தவள் என்று நினைப்பார்கள் என்பதால் காரசாரமாக எழுதினாள். அப்படியே பழகிப்போயிற்று.

அவளிடம் வந்து சேர்ந்தவளுக்கு ஆய்வகத்தில் 'கொக்கி' என்று பெயர். ஒரு எண்ணைப் பிடித்தால் விடமாட்டாள். முப்பது வயது, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, தோளில் எப்போதும் ஒரு கனத்த பை. புதன்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு வருவாள். இணையாசிரியையின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. சன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகை. உள்ளே மண் மாதிரிகள் நிரம்பிய கண்ணாடிக் குப்பிகள். மூலையில் மண்ணை உலர்த்தும் அடுப்பு ஓயாமல் உர்ரென்று முனகும்.

முதல் மாதம் நன்றாகவே போயிற்று. கொக்கி எழுதிவந்த அறிக்கையில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்து, இணையாசிரியை அதன் மேலே தன் கையால் வேறொன்று எழுதினாள். இரண்டாம் மாதம், பயிற்சிக்காக, பழைய கோப்புகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மறுக்கப்பட்டது.

"இதை நீங்களா படிச்சு ஒரு மதிப்பாய்வு எழுதுங்க. அப்புறம் அப்ப வந்த ரெண்டு மதிப்பாய்வையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்," என்றாள்.

கட்டுரையை எழுதியவருக்குப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு ஊரின் குடிநீர் வாரியத்தில் தொழில்நுட்ப ஊழியர். கைவிடப்பட்ட ஒரு பம்ப் அறைக்குள் இருந்த கிணற்றில் தண்ணீர் மட்டத்தை அளந்திருந்தார். கிணற்றை மூடி ஆறு வருடமாகியிருந்தது. அருகில் மோட்டார் இல்லை, ஆறு இல்லை, மழையும் இல்லாத மாதங்கள். ஆனாலும் தண்ணீர் சில நாட்களில் சட்டென்று ஒரு சாண் ஏறியது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இருந்த இடத்துக்கே இறங்கியது. காரணம் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தார். அளந்துகொண்டிருந்தபோதே வேறு இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, திரும்பி வர வர அவர் மாற்றி எழுதிய கட்டுரை அது.

அடுத்த புதன்கிழமை கொக்கி கோபத்தோடு வந்தாள்.

"முதல் மதிப்பாய்வாளர் தங்கமான ஆளு மேடம். வரி வரியா படிச்சிருக்காரு. ஆனா இந்த ரெண்டாவது ஆளு இருக்காங்களே! கேளுங்க." காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். "'கட்டுரையை ஆழ்ந்து படித்தேன். தரவு போதாது. ஆசிரியர் இன்னும் நீண்ட காலம் அளந்துவிட்டு வரட்டும். அதுவரை இதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.' இவ்வளவுதான். மூணு வரி. ஒரு மனுஷன் பதினாலு மாசம் தினமும் போய் அளந்திருக்கான்!"

இணையாசிரியை காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அவள் எழுதியது. முப்பத்தொரு வயதில், ஏதோ ஒரு மாநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதியது. கட்டுரை அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஆனால் வார்த்தைகள் தன்னுடையவைதான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கொஞ்சம் கடுமைதான்," என்று மட்டும் சொன்னாள்.

இதழின் இணையத்தில் பயிற்சிக்கென்று இருந்த தனித் தளத்தில் தன் முடிவைப் பதிந்துவிட்டதாகக் கொக்கி சொன்னாள். 'திருத்தி மீண்டும் அனுப்பவும்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தாள். பயிற்சித் தளத்திலிருந்து வெளியே கடிதம் போகாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் அலுவலகத்தில் யாரோ அந்த இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து அந்த மனிதருக்கு, 'உங்கள் கட்டுரையைத் திருத்தி அனுப்புங்கள்' என்று கடிதம் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்டு எழுதுவதற்குள் பதில் வந்தது. இரண்டே நாள். திருத்திய கட்டுரை, புதிய படங்கள், தரவுக் கோப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர் போல. உடன் வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது: 'இரண்டாம் மதிப்பாய்வாளருக்கு: நீங்கள் சொன்னபடி நீண்ட காலம் அளந்தேன். ஒருநாள்கூட விடவில்லை.'

இணையாசிரியை மனக்கணக்குப் போட்டாள். மூவாயிரத்துச் சொச்சம் நாட்கள். காய்ச்சல், கல்யாணம், சாவு எதுவும் வராத வீடு எங்கே இருக்கிறது?

கோப்பைக் கொக்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் புதன்கிழமை வரை காத்திருக்காமல் திங்கட்கிழமையே வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"கட்டுரை நம்ம இதழுக்கு வந்த ரெண்டு மாசத்துல தண்ணி அஞ்சு தடவை ஏறியிருக்கு. அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் ஒண்ணுமே இல்ல. கோடு போட்ட மாதிரி இருக்கு. அப்புறம் பத்து நாளைக்கு முன்னாடி திடீர்னு மறுபடி ஆரம்பிக்குது." தரவுத்தாளில் விரலை வைத்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஏறி, நாலே முக்காலுக்கு இறங்கியிருக்கு. அது பாப்பாவோட நீச்சல் வகுப்பு. வெளியில பெஞ்சுல உக்காந்து நான் இந்தக் கட்டுரையைத்தான் படிச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி. பாப்பா எந்திரிக்கிறதுக்குள்ள படிச்சேன். செவ்வாய்க்கிழமை பஸ்ல. ஒவ்வொண்ணும் நான் படிச்ச நேரம், மேடம். நான் மூடினா தண்ணி இறங்குது."

மூலையில் அடுப்பு முனகிக்கொண்டிருந்தது. இணையாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை.

"தற்செயலா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் அலுவலகத்துல கேட்டு, ஒன்பது வருஷம் முன்னாடி யார் எப்பக் கோப்பைத் திறந்தாங்க, எப்ப மூடினாங்கங்கற பதிவை வாங்கினேன். பேர் இல்ல, வெறும் எண்தான். முதல் மதிப்பாய்வாளர் ரெண்டு தடவை. ஒரு மணி ஐம்பது நிமிஷம், அப்புறம் ஒரு மணி. தண்ணியும் அதே ரெண்டு நாள், அதே நேரம், அவ்வளவு நேரந்தான் நின்னிருக்கு. ரெண்டாவது ஆளு மூணு தடவை." கொக்கி நிமிராமல் சொன்னாள். "ஒன்பது நிமிஷம். நாலு நிமிஷம். நாலு நிமிஷம். 'ஆழ்ந்து படித்தேன்'னு எழுதினவங்க மொத்தம் பதினேழு நிமிஷந்தான் படிச்சிருக்காங்க மேடம். கிணத்துல பதிவாகியிருக்கு."

தன் கழுத்தும் காதும் சூடாவதை இணையாசிரியை உணர்ந்தாள். எங்கோ இருளில், மூடிக் கிடந்த ஒரு கிணறு அவளைக் கவனித்துக் குறித்து வைத்திருந்தது. அப்படி ஒரு எண்ணம் வந்ததும் அவள் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சோதிச்சுப் பார்த்துருவோம்," என்றாள்.

சோதனையைக் கொக்கிதான் வகுத்தாள். இணையாசிரியை கிணற்றடியில் இருக்க வேண்டும். கொக்கி ஆய்வகத்தில் இருந்துகொண்டு, சீட்டுக் குலுக்கி வரும் நேரத்தில் கட்டுரையைத் திறந்து படிப்பாள். எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். இருவரும் போனில் பேசக் கூடாது.

பல் டாக்டரான கணவர் காலையில் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். "கிணத்தைப் பார்க்கப் போறேங்கற. எட்டிப் பார்த்து விழுந்து தொலைக்காதே," என்றார்.

"விழுந்தா உங்களுக்கு ஒரு பல்லு செட் வேலை கிடைக்கும்," என்று சிரித்தபடி சொல்லிவிட்டு ஏறினாள். பேருந்து கிளம்பியபின் அந்தச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று.

மூன்று மணி நேரப் பயணம். கட்டுரையாளர் நிறுத்தத்தில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. இதழிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த மேட்டில்தான் பம்ப் அறை. மேட்டுக்குக் கீழே எட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. வாசலில் துணி காய்ந்தது.

"ஒருநாள்கூட விடலைன்னு எழுதியிருந்தீங்களே, சார்?"

"விடலை. என் அப்பா தவறின அன்னிக்குக்கூட, எடுக்கறதுக்கு முன்னாடி ஓடி வந்து பார்த்துட்டுப் போனேன். அண்ணன் இன்னும் எங்கூடப் பேசறதில்ல." இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். "அந்த ரெண்டாவது மதிப்பாய்வாளர் சொன்னது நியாயந்தானே மேடம்? பதினாலு மாசம் எந்த மூலைக்கு?"

அவள் பம்ப் அறையின் கதவைப் பார்த்து நடந்தாள்.

பம்ப் அறைக்குள் சன்னல் இல்லை. திறந்த கதவு வழியாக வந்த வெளிச்சம் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்தது. நடுவில் கிணறு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்தில் ஒரு கப்பி. கம்பியின் ஒரு முனையில் தண்ணீரில் மிதக்கும் மிதவை, மறு முனையில் சுழலும் உருளையில் கோடு கிழிக்கும் பேனா. உருளையில் ஒட்டிய தாளை அவர் தினமும் வந்து மாற்றுவார். விளிம்புக்கு இரண்டாள் ஆழத்தில் தண்ணீர் கறுப்பாக, அசைவில்லாமல் இருந்தது. அவள் முகம் அதில் தெரியவில்லை.

இருவரும் மர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கம்பி மெல்ல நடுங்கியது. காற்றில்லை. கப்பி கிறீச்சிட்டது. பேனா மேலே ஏறியது. எட்டிப் பார்த்தாள். தண்ணீர் குமிழி விடவில்லை, சுழிக்கவில்லை. தூங்குகிறவரின் மார்பு உயர்வதுபோல ஒரே சீராக மேலே வந்தது. ஒரு சாண் ஏறி நின்றது. அறை குளிர்ந்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு நிமிடம் கழித்து, வந்தது போலவே இறங்கியது. அவள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாள். 

மதியத்துக்குள் மூன்று தடவை. மூன்றாவது தடவை இறங்கியபின் அவள் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றாள். கை சில்லிட்டிருந்தது. உள்ளே திரும்பியபோது, கட்டுரையாளர் அவள் பையிலிருந்து நழுவிக் கிடந்த அச்சுப் பிரதியைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இது அந்தப் பழசு, நான் முதல்ல அனுப்பினது," என்றார். "மறுத்துக் கடிதாசி வந்ததுக்கப்புறம் இதை நான் தொடவே இல்ல. புதுசை எழுதறப்பகூடத் தரவுலேர்ந்துதான் எழுதினேன். இதை எடுத்தா மனசு விட்டுப்போயிரும்னு பயம்."

முதல் பக்கத்தைப் படித்தார். உதடு அசைந்தது.

கப்பி அலறியது. கம்பி சரசரவென்று ஓடியது. பேனா தாளின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய் இரும்பில் கீறியது. இணையாசிரியை கிணற்றைப் பார்த்தாள். இரண்டாள் ஆழத்தில் இருந்த தண்ணீர் ஓராள் ஆழத்துக்கு வந்துவிட்டது, இன்னும் வந்துகொண்டிருந்தது. அவர் எதையும் கவனிக்காமல் பக்கத்தைத் திருப்பினார். கண்ணீர் விட்டுக்கொண்டே படித்தார்.

"சார், மூடுங்க! சார்!"

அவர் நிமிர்ந்தார். காகிதம் கையிலிருந்து நழுவியது. விளிம்புக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நின்றது, யோசிப்பதுபோல. பிறகு ஓசையில்லாமல் உள்ளே போயிற்று.

அவள் காகிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கொக்கி கண்டுபிடித்ததை அவள் அவரிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, இதழின் விதிப்படி சொல்லக் கூடாத இன்னொன்றையும் சொன்னாள்.

"அந்த ரெண்டாவது மதிப்பாய்வாளர் நான்தான். நான் அதைப் படிக்கவே இல்ல, சார். பதினேழு நிமிஷம் புரட்டிப் பார்த்தேன். 'நீண்ட காலம்'னு வாய்க்கு வந்ததை எழுதினேன். எவ்வளவு காலம்னு நான் யோசிச்சுகூடப் பார்க்கலை."

அவர் தன் உருளையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த ஒன்பது வருஷம் தண்ணி அசையாம கிடந்ததுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "யாரும் படிக்கலை. அவ்வளவுதான். நான் வேற என்னென்னவோ நெனச்சேன்."

திரும்பி வந்ததும் கொக்கியின் உறையைப் பிரித்தார்கள். மூன்று நேரமும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. இணையாசிரியை அவளிடமும் உண்மையைச் சொன்னாள்.

"தெரியும் மேடம்," என்றாள் கொக்கி. "போன மாசம் என் அறிக்கையில ஒரு வரியை அடிச்சுட்டு, 'இதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை'ன்னு சிவப்பு மையால எழுதினீங்க. அந்த மூணு வரியைப் படிச்ச அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

இதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. கட்டுரையில் குறை இல்லை. ஆனால் வெளியிட்டால் முதல் நாளே இருநூறு பேர் திறந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு சாண் என்றாலும் கிணறு பொங்கி வழிந்துவிடும்; மேட்டுக்குக் கீழே எட்டு வீடுகள்.

"மறுத்துட்டா?" என்றாள் இணையாசிரியை.

"என்ன காரணம் எழுதுவீங்க? அந்தப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். எனக்கு நீங்க சொல்லிக் குடுத்த முதல் பாடம் அது. காரணம் எழுத முடியலைன்னா மறுக்கக் கூடாது."

இணையாசிரியை முதன்மை ஆசிரியரிடம் போய், தான்தான் பழைய மதிப்பாய்வாளர் என்று ஒப்புக்கொண்டு, கட்டுரையைக் கைமாற்றினாள். அவர் கிணற்றுக் கதையைக் கேட்டு ஓவென்று சிரித்தார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டுரையாளர் அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கு யாரோ ரொம்ப நிதானமா படிக்கிறாங்க. இன்னும் இறங்கலை."

மாலையில் முதன்மை ஆசிரியரின் அறை வழியாகப் போனவள் அதை அவரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. புதிதாக இரண்டு மதிப்பாய்வாளர்களைப் பிடித்தார்கள். அதில் ஒருவர், 'இதை நான் நம்பவில்லை. ஆனால் தரவில் ஒரு பிழையும் காண முடியவில்லை' என்று எழுதினார்.

வீடுகளுக்கு வழி செய்தவர் கட்டுரையாளர்தான். தண்ணீர் வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விளிம்புக்கு ஒரு முழம் கீழே துளையிட்டு, அகலமான குழாய் பதித்து, மேட்டின் மறுபக்கத்து ஓடையில் கொண்டுபோய் விட்டார். அந்த வேலை முடிய நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை வெளியிட வேண்டாம் என்று அவரே எழுதிக் கேட்டுக்கொண்டார்.

வெளியான அன்று காலை மூவரும் பம்ப் அறையில் இருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தண்ணீர் எழுந்தது. குழாயின் வாயைத் தொட்டது, உள்ளே திரும்பியது, ஓடைக்குப் போயிற்று. அத்தனை தண்ணீர் ஓடியும் சத்தமே இல்லை. கீழ் வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு, "என்ன சார், மறுபடி தண்ணி விடறாங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்.  பதினொரு நாள் ஓடி, எல்லாக் கட்டுரைக்கும் நடப்பதுபோல மெல்லக் குறைந்து நின்றது.

அந்த வாரமே, தனியாக மதிப்பாய்வு செய்யச் சொல்லிக் கொக்கியிடம் முதல் கட்டுரையை இதழ் ஒப்படைத்தது. அவள் அதைத் திறக்காமல் அரை நாள் வைத்திருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

இணையாசிரியை அலுவலகத்தில் கேட்டு, தான் இதுவரை செய்த மதிப்பாய்வுகளின் பட்டியலை வாங்கினாள். கிணற்றுக் கட்டுரையைத் தவிர அறுபத்து மூன்று இருந்தன. முதலாவது, மலைச்சாலை ஒன்றின் சரிவில் தெரிந்த விரிசலைப் பற்றியது. அதற்கு அவள் செலவிட்டது ஆறு நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி மேற்கோள் வரை படித்தாள். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. நல்ல கட்டுரை. அதை எழுதியவர் அதன்பிறகு எதுவும் வெளியிட்டிருக்கவில்லை.

மறுநாள் அவருக்கு ஒரு வரி எழுதினாள்: 'நேற்று மதியம் அந்தச் சரிவில் ஏதாவது நடந்ததா?'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

'ஆமாம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நீங்கள் யார்?'

அவள் அதைப் படித்துவிட்டு, விசைப்பலகை மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் இன்னும் அறுபத்திரண்டு இருந்தன.